கடைசி வரிசை போனிலும் ஓட வேண்டும்: குமரி மாவட்டக் கல்லூரி வகுப்புக்கு டிஜிட்டல் கருவிகளை அமைப்பது எப்படி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஏதாவது ஒரு கல்லூரியில் 60 பேர் படிக்கும் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். பேச்சிப்பாறை, ஆறுகாணிப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலிருந்து வருகிறவர்களுக்கு முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். தூத்தூர், இரவிபுத்தன்துறை மாதிரிக் கடற்கரை ஊர்களில் டவர் பக்கத்திலேயே இருந்தாலும் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே போனாக இருக்கலாம். இந்த வகுப்புக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், எதில் வசதி அதிகம் என்று பார்ப்பதில் பயனில்லை. வகுப்பிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ, அந்தப் போனில் ஓடுவதைத்தான் எடுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் அந்தக் கணக்கில்தான்.

முதல் வாரம்: காகிதத்தில் ஒரு கணக்கெடுப்பு

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே வகுப்பின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள். யாருடைய நிலைமை நமக்குத் தெரிய வேண்டுமோ அவர்களால்தான் அதைத் திறக்க முடியாமல் போகும். பதில் போட்டவர்களை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அரைத்தாள் காகிதம் போதும். போன் சொந்தமா, வீட்டில் பங்கா? காலியிடம் எத்தனை ஜிபி? ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா? வீட்டில் எந்த நேரத்தில், எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும்? காலையிலோ மாலையிலோ பால்வெட்டு (ரப்பர் மரம் சீவுவது), கடை, டியூஷன் என்று வேறு வேலை உண்டா? போனில் இருக்கும் ஜிமெயில் முகவரி என்ன, அதன் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. போன் உடைந்த அன்றைக்கு அதுவரை செய்த அசைன்மென்ட் எல்லாம் அந்தக் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். கணக்கு போனில் திறந்திருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாகச் சொந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. முதல் கணினி ஆய்வக வகுப்பை இதற்கே ஒதுக்கலாம், வீணில்லை.

காலியிடம் ரொம்பக் குறைவாக இருப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் கிளாஸ்ரூமை உலாவியிலேயே திறந்துவிடலாம். கட்டுரை எழுதும் கூகுள் டாக்ஸ், அட்டவணை போடும் ஷீட்ஸ் இரண்டிலும் போனில் திருத்தம் செய்யத் தனித்தனிச் செயலி வேண்டும். அவர்களுக்குக் குழு வேலையில் எழுத்துப் பங்கை ஆய்வகக் கணினியில் செய்ய நேரம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கும்.

எந்த வேலைக்கு எது

ஒரே வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்கள் ஐந்து விதமான செயலிகளைக் கேட்டால் மாணவர்கள் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள். துறைக் கூட்டத்தில் உட்கார்ந்து நான்கு வேலைகளுக்கு நான்கு கருவி என்று முடிவு செய்யுங்கள். அறிவிப்புக்கு வாட்ஸ்அப், பாடக்குறிப்பும் அசைன்மென்டும் மதிப்பெண்ணும் கூகுள் கிளாஸ்ரூமில், கூட்டாக எழுதுவதற்கு டாக்ஸும் ஷீட்ஸும், சிறு தேர்வுக்கு ஃபார்ம்ஸ். இதற்கு மேல் எது வந்தாலும் 'இந்த நான்கில் செய்ய முடியாத எதை இது செய்கிறது' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் வைத்திருக்கும் கல்லூரிகளில் பெயர்கள் மாறும், பிரிவு மாறாது.

வாட்ஸ்அப் அறிவிப்போடு நிற்கட்டும். பாடக்குறிப்பை அங்கே போட்டால் இரண்டு நாளில் நூறு 'குட் மார்னிங்'குக்குக் கீழே போய்விடும். புதிய போனுக்கு மாறியவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. சமன்பாடு எழுதிய கரும்பலகைப் படத்தை அப்படியே அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று தெரியாது. அனுப்பியே ஆக வேண்டுமானால் இணைப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

குழுவின் அமைப்பில் 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்பதைப் போட்டுவிடுங்கள். சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டும், குறிப்பாக மாணவிகள் இருக்கும் வகுப்பில். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் சேர்த்தால் அட்மின்களுக்கும், ஏற்கெனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் எண் தெரியும். செய்தி எப்போதும் கிளாஸ்ரூமுக்குத் திருப்பிவிடுவதாக இருக்கட்டும்:

'மக்களே, யூனிட் 2 அசைன்மென்ட் கிளாஸ்ரூம்ல போட்டாச்சு. வியாழன் மத்தியானம் 1.30-க்குள்ள டர்ன் இன் பண்ணணும். சந்தேகம் இருந்தா அங்கேயே கமென்ட்ல கேளுங்க.'

கிளாஸ்ரூமை அமைத்தல்

கல்லூரிக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் கணக்கு இருந்தால் அதிலேயே வகுப்பைத் திறங்கள். தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டிபி இடம் தருகிறார்கள். தனிப்பட்ட ஜிமெயிலில் 15 ஜிபிதான். அதையும் மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும்.

கல்லூரிக் கணக்கில் திறந்தால் ஒரு தொல்லை கட்டாயம் வரும். மாணவர் போனில் இரண்டு கணக்குகள் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டினால் சொந்த ஜிமெயிலில் திறந்து, 'அனுமதி வேண்டும்' என்ற பக்கம் வரும். மாணவர் 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' தட்டுவார். ஆசிரியரின் இன்பாக்ஸில் 40 வேண்டுகோள்கள் குவியும். அவற்றை ஏற்காதீர்கள். ஏற்றால் சொந்தக் கணக்குகளெல்லாம் கோப்புக்குள் வந்துவிடும், பிறகு யார் எவர் என்று பிரிக்க முடியாது. வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தட்டிக் கல்லூரிக் கணக்குக்கு மாறச் சொல்லுங்கள். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி ஒருமுறை செய்ய வைத்தால் பின்னால் இந்தத் தலைவலி பாதியாகக் குறையும்.

உள்ளே போனதும் ஸ்ட்ரீம் பகுதியில் மாணவர்கள் பதிவு போடுவதை நிறுத்தி, கமென்ட் மட்டும் அனுமதியுங்கள். கிளாஸ்வொர்க் பகுதியில் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளையும் ஐந்து தலைப்புகளாகப் போட்டு, 'பழைய வினாத்தாள்' என்று ஆறாவதாக ஒன்று. தலைப்பு இல்லாமல் பதிவு போடும் பழக்கம் வந்துவிட்டால் செமஸ்டர் கடைசியில் நமக்கே தேட முடியாது.

அசைன்மென்ட் போடும்போது கெடு நேரத்தை மாற்ற மறக்காதீர்கள். நேரம் குறிப்பிடாமல் நாள் மட்டும் போட்டால் கிளாஸ்ரூம் இரவு 11.59 என்று எடுத்துக்கொள்ளும். மலையோர ஊர் மாணவருக்கு இது மிக மோசமான நேரம். அவருக்கு நல்ல சிக்னல் கிடைப்பதே கல்லூரியில் இருக்கும்போதுதான். கல்லூரி நாளில் மதிய இடைவேளை முடியும் நேரத்தைக் கெடுவாக வைத்தால் வளாகத்து வைஃபையிலேயே ஏற்றிவிடுவார். நாளைக் குறிக்கும்போது கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேரோட்டம் மாதிரி உள்ளூர் விடுமுறைகளைப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை விடுமுறை திடீரென்று வரும். 'கெடு முடிந்ததும் பெறுவதை நிறுத்து' என்ற பெட்டியை அந்த மாதங்களில் தொடாமல் விடுவது நல்லது. தாமதமாக வந்தது என்று கிளாஸ்ரூமே குறித்துக் காட்டும், முடிவை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

'சார், நான் அப்பவே போட்டுட்டேன்' என்று மாணவர் சொல்வார், பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். இரண்டும் உண்மைதான். கோப்பை இணைத்துவிட்டு, ஒப்படைக்கும் 'டர்ன் இன்' பொத்தானைத் தட்டாமல் வெளியே வந்திருப்பார்.

கையால் எழுதிய விடைத்தாளைப் படமெடுத்து ஏற்றச் சொன்னால் பத்துப் பக்கம் பத்துத் தனிப் படங்களாக, சில தலைகீழாக வரும். ஒவ்வொன்றும் 3, 4 எம்பி. டிரைவ் செயலியில் கூட்டல் குறியைத் தட்டினால் 'ஸ்கேன்' இருக்கிறது. பக்கங்களை வரிசையாக எடுத்து ஒரே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும், அளவும் வெகுவாகக் குறையும். கோப்பின் பெயர் பதிவெண்ணாக இருக்கட்டும். 'டாக் ஸ்கேன்' என்ற பெயரில் 60 கோப்புகள் வந்தால் திருத்துகிறவர் பாடு திண்டாட்டம்.

பாடத்தை எடை குறைத்து அனுப்புவது

50 நிமிட நேரலை வகுப்பு விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் 375 எம்பி செலவாகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் போட்டிருக்கும் மாணவருக்கு இது கால்வாசி. அதே 50 நிமிடத்தை 64 கிலோபிட் ஒலியாக மட்டும் கொடுத்தால் 24 எம்பி. வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால் நேரலையை ஐயம் தீர்க்கும் வகுப்புக்கு வைத்துக்கொண்டு, விளக்கத்தைப் பதிவு செய்து கொடுப்பதே இங்கே பொருந்தும்.

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம். அமைப்புகளில் திரை அளவை 1280-க்கு 720 என்றும், பிரேம் வேகத்தை 15 என்றும், வீடியோ பிட்ரேட்டை 500 கிலோபிட் என்றும், ஒலியை 64 கிலோபிட் என்றும் வையுங்கள். ஸ்லைடு நகரும் பாடத்துக்கு இது தாராளம். 10 நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 எம்பி வரும். கை எழுதுவதைக் கேமராவில் காட்டுகிற கணக்குப் பாடத்துக்கு மட்டும் பிட்ரேட்டை 800 ஆக்குங்கள், இல்லையென்றால் எழுத்து கலங்கும். பதிவு வடிவமாக எம்.கே.வி.யைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் பாதியில் போனாலும் அதுவரை பதிவானது தப்பும், நேரடியாக எம்.பி.4 ஆகப் பதிவு செய்திருந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்.பி.4 ஆகிவிடும். மழைக்காலத்தில் ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்துக்கொண்டால், பதிவேற்றம் 90 விழுக்காட்டில் நிற்கும்போது வரும் எரிச்சல் மிச்சம்.

ஒரு பதிவு 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு கருத்து, ஒரு பதிவு. யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றி இணைப்பைக் கிளாஸ்ரூமில் போடுங்கள். மாணவர் தன் சிக்னலுக்கு ஏற்ப 144-இலோ 360-இலோ பார்த்துக்கொள்வார். இணைப்பு கையில் உள்ள எவரும் அதைப் பார்க்கலாம் என்பதால் மாணவர் முகமோ மதிப்பெண்ணோ உள்ள பதிவை அங்கே ஏற்றக் கூடாது.

ஸ்லைடு கோப்பு 60 எம்பி இருந்தால் அதற்குள் கேமராப் படங்கள் அப்படியே கிடக்கின்றன என்று பொருள். பவர்பாயின்டில் ஒரு படத்தைத் தொட்டு 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய், 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற குறியை எடுத்துவிட்டு, 150 பிபிஐ தேர்ந்தெடுங்கள். பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள். அசலை அல்ல, பிடிஎஃப்பை அனுப்புங்கள். எழுத்துரு பிரச்சினையும் அதோடு போய்விடும்.

கூட்டாக எழுத வைப்பது

டிஜிட்டல் கருவிகளில் கல்லூரிக்கு உண்மையான லாபம் இங்கேதான். சரியாக அமைக்காவிட்டால் அதிகம் கெடுவதும் இங்கேதான்.

வணிகவியல் இரண்டாம் ஆண்டுக்கு ஒரு குழு வேலை என்று வைத்துக்கொள்வோம். தோவாளை பூச்சந்தையில் நான்கு வாரம் தினமும் விலை பதிந்து, ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களை எடுத்தால் கேரளத் தேவையால் விலை எப்படித் தாவுகிறது என்பது எண்ணிலேயே தெரியும். குழுவுக்கு நான்கு பேர். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஒருவர் சும்மா இருப்பார்.

விலைப் பதிவுக்கு ஷீட்டை நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரு ஃபார்ம் செய்யுங்கள்: நாள், பூ, கிலோ விலை, விசாரித்த இடம், பதிந்தவர். பூவின் பெயரை எழுதச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்: பிச்சி, மல்லிகை, சம்பங்கி, அரளி, கேந்தி, வாடாமல்லி. எழுத விட்டால் ஒருவர் 'பிச்சி' என்பார், இன்னொருவர் 'பிச்சிப்பூ', மூன்றாமவர் கடைசியில் ஓர் இடைவெளி விட்டிருப்பார். கணினிக்கு அவை மூன்று வேறு பூக்கள். பூ வாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் சராசரி மூன்றாகப் பிரிந்து வரும். விலைக் கேள்வியில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' போட்டு எண் மட்டும் ஏற்கச் செய்யுங்கள். 'ரூ. 400/-' என்று வந்தால் கூட்டல் ஓடாது.

ஃபார்மை ஷீட்டோடு இணைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் 'லொகேல்' இந்தியா என்று இருக்கிறதா எனப் பார்ப்பது. அமெரிக்கா என்று இருந்தால், யாராவது ஷீட்டில் கையால் 03/08 என்று பதிந்தால் அது ஆகஸ்ட் 3 ஆகாமல் மார்ச் 8 ஆகிவிடும். 13-ஆம் தேதியிலிருந்து தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. வரைபடம் ஏன் கோணல்மாணலாக வருகிறது என்று மணிக்கணக்கில் தேடும் பல பேருக்கு விடை இந்த ஓர் அமைப்பில் இருக்கிறது. பதில்கள் விழும் தாளை 'புரொடெக்ட்' செய்து, கணக்குப் போடத் தனித் தாள் கொடுங்கள். ஒருவர் வரிசைப்படுத்தினால் எல்லோருக்கும் வரிசை மாறும் என்பதால் 'ஃபில்டர் வியூ' பயன்படுத்தச் சொல்லுங்கள். அது அவரவர் பார்வைக்கு மட்டும்.

அறிக்கைக்கு டாக்ஸ். கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போது மூன்று தேர்வுகள் வரும்: மாணவர் பார்க்க மட்டும், எல்லோரும் ஒரே கோப்பைத் திருத்த, ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். நகல் கொடுக்கும் தேர்வை அசைன்மென்ட் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். போட்ட பிறகு மாற்ற வழியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். குழு வேலைக்கு மூன்றாவது தேர்வு உதவாது. அதற்கு இப்படிச் செய்யுங்கள்:

1. மாதிரிக் கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள். மேலே நான்கு வரிசை அட்டவணை: பெயர், பொறுப்பேற்ற பகுதி, கெடு, முடிந்ததா. கீழே தலைப்புகள் மட்டும்.
2. குழுவுக்கு ஒன்றாக நகலெடுத்து 'குழு 1', 'குழு 2' என்று பெயரிடுங்கள்.
3. ஒவ்வொரு நகலையும் தனி அசைன்மென்டாகப் போடுங்கள். 'ஆல் ஸ்டூடன்ட்ஸ்' என்ற இடத்தில் அந்தக் குழுவின் நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, 'மாணவர் திருத்தலாம்' என்பதைக் கொடுங்கள்.

கொஞ்சம் கைவேலைதான். ஆனால் 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்து வாட்ஸ்அப்பில் போடும் குறுக்கு வழியை எடுத்தால், கணக்கில் நுழையாமல் எழுதியவர்கள் பெயரில்லாத விலங்குகளாக வந்து போவார்கள். யார் எதை எழுதினார் என்பது போய்விடும்; கூட்டு வேலையின் மதிப்பீடும் அதோடு போயிற்று.

யார் எழுதினார் என்பதைக் கணினியில் ஃபைல் மெனு, 'வெர்ஷன் ஹிஸ்டரி' வழியாகப் பாருங்கள். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் நேரத்தோடு இருக்கும். கெடுவுக்கு முந்தைய இரவு 10.40-க்கு ஒரே நிறத்தில் மூன்று பக்கம் ஒரு நிமிடத்தில் வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ ஒட்டப்பட்டது. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளைத் தமிழ்க் கட்டுரைக்கு நம்பி மதிப்பெண் குறைக்க வேண்டாம். இந்த வரலாற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் பற்றி மாணவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். அவசரப்படவும் வேண்டாம். ஒரே போனில் நால்வரும் மாறி மாறி எழுதியிருந்தால் ஒரே நிறம்தான் வரும். அப்படிப்பட்ட குழு எது என்பது முதல் வாரக் காகிதத்தில் இருக்கிறது.

திருத்தும்போது நீங்களே வரியை மாற்றாதீர்கள். 'சஜஸ்டிங்' நிலைக்கு மாறி எழுதினால் மாணவர் ஒவ்வொன்றையும் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். கமென்டில் ஒருவரின் மெயிலை 'அட்' குறியோடு சேர்த்தால் அவருக்கு மட்டும் வேலை ஒப்படைக்கலாம்.

ஃபார்ம்ஸில் சிறு தேர்வு

செட்டிங்ஸில் 'குவிஸ்' ஆக்குங்கள். மெயில் முகவரியை 'வெரிஃபைடு' என்று வைத்தால் மாணவர் கணக்கில் நுழைந்தே எழுத முடியும். பதிவெண்ணைத் தப்பாகப் போட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். கணக்கில் நுழைந்து எழுதினால் இன்னொரு நன்மை: பாதியில் இணைப்பு அறுந்தாலும் அதுவரை போட்ட விடைகள் வரைவாக இருக்கும், திரும்ப வந்து தொடரலாம். 'ஒரு பதில் மட்டும்', கேள்வி வரிசையைக் கலைப்பது, விடைத் தேர்வுகளைக் கலைப்பது மூன்றையும் போடுங்கள். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை உள்ள கேள்வியில் மட்டும் கலைக்கக் கூடாது. அது முதல் விடையாக வந்து நின்றால் கேள்வியே பிழையாகிவிடும்.

மதிப்பெண் வெளியீட்டை 'பின்னர், பார்வையிட்ட பிறகு' என்று வையுங்கள். உடனே வெளியிட்டால் முதலில் முடித்தவர் திரையைப் படமெடுத்து அனுப்ப, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள்.

தமிழில் ஒரு சொல் விடை கேட்கும்போதுதான் எதிர்பாராத வம்பு. விடைக்குறிப்பில் நீங்கள் 'ஔவையார்' என்று கொடுத்திருப்பீர்கள். மாணவர் முதலில் 'ஒ', அடுத்து 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார். கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு இரண்டும் வேறு, மதிப்பெண் சுழியம். 'கௌ', 'சௌ' வரும் சொற்களிலும் இதே கதை. சந்தி எழுத்து போட்டும் போடாமலும், இடைவெளி விட்டும் விடாமலும் எழுதுவது வேறு. ஆகவே தமிழ் விடைக்குச் சாத்தியமான எல்லா வடிவங்களையும் விடைக்குறிப்பில் சேர்த்துவிட்டு, 'மற்ற விடைகளெல்லாம் தவறு' என்ற பெட்டியைத் தேர்ந்தெடுக்காமல் விடுங்கள். மீதியைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடலாம். அதற்கு நேரமில்லை என்றால் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே மேல்.

வீட்டிலிருந்து எழுதும் ஃபார்ம்ஸ் தேர்வை அக மதிப்பீட்டில் பெரிய பங்காக வைக்காதீர்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எந்தக் கருவியும் சொல்லாது. வாரம் ஒரு 10 கேள்வி, படித்தாரா என்று பார்க்க, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்து கெடும் இடங்கள்

துறைக் கணினியில் பழைய வினாத்தாள்கள், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்தக் கோப்பை டாக்ஸில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் சரியாகாது; யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்ப்பது கட்டாயம், இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் உருத்தெரியாமல் போயிருக்கும். இனி எழுதுவதையெல்லாம் யூனிகோடில் எழுதுங்கள். கணினியில் தமிழ்99 விசைப்பலகை, போனில் ஜிபோர்டு போதும்.

மாணவர் பட்டியலை எக்செலில் வைத்து சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்களெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள் ஆகிவிடும். சேமிக்கும் வகையில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்விக்குறி ஆன கோப்பிலிருந்து பெயரை மீட்க முடியாது. எக்செல் அசலை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஸ்கேன் செய்த நூல் பக்கத்தைப் பார்வைக் குறையுள்ள மாணவரின் திரைவாசிப்பான் படிக்காது. அந்தப் படத்தை டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கி, 'கூகுள் டாக்ஸில் திற' கொடுத்தால் எழுத்தாக மாறும், தமிழும் வரும். படம் நேராகவும் 2 எம்பிக்குள்ளும் இருந்தால் பிழை குறையும்.

மீதிக் கருவிகள்

நேரலை வகுப்புக்குக் கூகுள் மீட் போதும். தனிப்பட்ட கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்தில் முடியும், ஒரு பாடவேளைக்குச் சரி. இலவச ஸூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். வருகைப் பதிவை முகம் பார்த்து எடுக்காதீர்கள். கேமரா திறக்கச் சொல்வது டேட்டாவையும் வீட்டின் தனிமையையும் சேர்த்துக் கேட்பது. கடைசி ஐந்து நிமிடத்தில் சாட்டில் ஒரு கேள்விக்கு விடை போடச் சொன்னால் அதுவே வருகை.

கூகுளின் வெள்ளைப்பலகைச் செயலியான ஜாம்போர்டில் பலகை வேலைகளைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு 2024 டிசம்பர் 31-இல் கூகுள் அதை மூடியபோது நல்ல பாடம் கிடைத்தது. எந்தப் பலகைக் கருவியானாலும் வகுப்பு முடிந்ததும் பிடிஎஃப் ஆக இறக்கி டிரைவில் போட்டுவிடுங்கள்.

கல்லூரி முழுமைக்கும் ஒரே அமைப்பு வேண்டும், பொறுப்பேற்க ஓர் ஆளும் இருக்கிறார் என்றால் மூடுலைப் பாருங்கள். திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. சர்வருக்கும் பராமரிப்புக்கும் செலவு உண்டு. வினா வங்கியிலிருந்து ஆளுக்கொரு கேள்வித்தாள் தருவதிலும், 'ஒர்க்‌ஷாப்' வழியாக மாணவர் ஒருவர் மற்றவர் கட்டுரையை மதிப்பிடுவதிலும் கிளாஸ்ரூமைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆசிரியர் அனுமதித்தால் மூடுல் செயலியில் இணைப்பில்லாமலும் தேர்வு எழுதி, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். கேள்விகளை நோட்பேடில் எழுதி ஏற்றும்போது கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பொறுப்பாள் இல்லாத மூடுல் ஓராண்டில் யாரும் நுழையாத தளமாகிவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாடப்பொருளுக்குப் புதிதாக எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் மென்பொருள் பாடங்கள் தமிழ் ஒலியோடு இருக்கின்றன. அறிவியல் துறைகளுக்கு, இணையத்தில் சோதனை செய்து பார்க்கும் வெர்ச்சுவல் லேப்ஸ். ஒரு செமஸ்டரின் மொத்தப் படிப்புகளில் 40 விழுக்காடு வரை, மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்க 2021-ஆம் ஆண்டு யுஜிசி விதி இடம் தருகிறது. சேரும் முன் உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்குமா என்று துறைத்தலைவர் வழியாகக் கேட்டுவிடுங்கள்.

செமஸ்டர் முடிவில்

ஒவ்வொரு அசைன்மென்டின் மதிப்பெண்ணையும் ஷீட்டாக இறக்கித் துறைக் கணக்கில் வையுங்கள். ஆசிரியரின் தனிக் கணக்கில் மட்டும் இருந்தால் அவர் மாறிப்போகும் நாளில் கோப்பும் போய்விடும். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் கற்பித்தலைப் பார்க்கும் இரண்டாம் அளவுகோலுக்குச் சான்று கேட்கும்போது தேட வேண்டியதும் இதைத்தான். மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு குழுவில் போட வேண்டாம், கிளாஸ்ரூமில் அவரவருக்கு அவரவர் மதிப்பெண் தெரியும்.

பிறகு ஃபார்ம்களில் பதில் பெறுவதை நிறுத்துங்கள், 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்து வைத்த கோப்புகளை மூடுங்கள், வகுப்பை ஆர்க்கைவ் செய்யுங்கள். இறுதியாண்டு மாணவர்களிடம் கல்லூரிக் கணக்கு மூடப்படுவதற்கு முன் தங்கள் கோப்புகளைக் கூகுளின் 'டேக்அவுட்' வழியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடம் வந்தால் வகுப்பை நகலெடுக்கலாம். தலைப்புகளும் அசைன்மென்ட்களும் வரைவாக வரும். மாணவர் பட்டியலும் பழைய அறிவிப்புகளும் வராது.